காணொளி ஊழியத்துக்கு வரும் புதியவருக்கு முதலில் எதைக் கற்றுக்கொடுப்பது?

தொடக்கப் பதிவு: தூணோரக் கேமரா

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையின் காணொளி ஊழியத்தில் ஒன்பது ஆண்டுகளாகத் தன்னார்வலனாக இருக்கிறேன். தொடக்கத்தில் கேபிள் சுருட்டினேன். பிறகு இடப்பக்கத் தூணருகே நிற்கும் இரண்டாம் கேமராவை என்னிடம் ஒப்படைத்தார்கள். கடந்த இரண்டு ஆண்டுகளாக மூன்று கேமராக்களின் காட்சிகளையும் மாற்றி மாற்றி நேரலைக்குக் கொடுக்கும் ஸ்விட்சர் மேசையில் அமர்கிறேன். அடுத்த மாதம் ஆறு பேர் புதிதாகச் சேருகிறார்கள், அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது.

இதுவரை எங்கள் பயிற்சி கருவியிலிருந்துதான் தொடங்கியது. ட்ரைபாடை மட்டம் பார்ப்பது, பகல் வெளிச்சத்துக்கு 5600 கெல்வின், மஞ்சள் விளக்குக்கு 3200 கெல்வின் என்று வைட் பேலன்ஸை அமைப்பது, நொடிக்கு 25 ஃபிரேம் எடுத்தால் ஷட்டரை ஒரு நொடியின் 50இல் ஒரு பங்கில் நிறுத்துவது ஆகியவற்றைச் சொல்லிக்கொடுப்போம். கற்றுக்கொள்ளும் மனமுள்ள எவரும் நான்கைந்து ஆராதனைகளுக்குள் இவற்றைப் பழகிவிடுகிறார்கள். ஆனால் பழகிய பிறகு அவர்கள் செய்யக்கூடிய தவறு ஒன்று உண்டு. அதைச் செய்தவன் நான் என்பதால் தயக்கமின்றி எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு ஓர் ஆராதனையின் முடிவில், ஜெபத்துக்காக முன்னே வந்தவர்களுள் ஒரு சகோதரி முழங்காலில் இருந்து அழுதுகொண்டிருந்தார். இரண்டாம் கேமராவில் இருந்தவர் அவருடைய முகத்தை நெருக்கமாக எடுத்துக் கொடுத்தார். வெளிச்சமும் கோணமும் நன்றாக இருந்தன, பின்னணியில் பாடலும் தாழ்ந்திருந்தது. நான் அந்தக் காட்சியை நேரலைக்குக் கொடுத்து ஏறக்குறைய நாற்பது நொடிகள் அதிலேயே நின்றுவிட்டேன். அன்று பலர் அந்தக் காட்சி உள்ளத்தைத் தொட்டதாகச் சொன்னார்கள். அந்தச் சகோதரியின் உறவினர்கள் அதைப் பார்த்துவிட்டு, வீட்டில் என்ன நடந்தது என்று அவரிடம் கேட்கத் தொடங்கியது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதன் பின் பல வாரங்கள் அவர் ஆராதனைக்கு வரவில்லை. விஷயம் தெரிந்த அன்றே காணொளியை நீக்கினோம். அவரிடம் நேரில் பேச எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.

ஆகவே, எதை எடுக்கக் கூடாது என்பதுதான் புதியவர்களுக்கு முதல் பாடமாக இருக்க வேண்டும், கேமராவைத் தொடுவது அதன் பிறகுதான் என்று நினைக்கிறேன். எங்கள் குழுவில் சிலர் இதை ஏற்கவில்லை. முதல் நாளிலேயே தடைகளை அடுக்கினால் ஆர்வத்தோடு வருகிறவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள் என்கிறார்கள். இதே ஊழியத்தில் இருப்பவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஒலிமேசை

சகோதரருக்கு வாழ்த்துகள். உங்கள் கவலை நியாயமானது, ஆயினும் முதல் பாடத்தை நான் ஒலியிலிருந்துதான் தொடங்குவேன். படம் சற்று மங்கினாலும் வீட்டில் இருப்பவர் பிரசங்கத்தைக் கேட்டுவிடுவார். ஒலி கெட்டுவிட்டாலோ எவ்வளவு தெளிவான படமும் அவருக்குப் பயன்படாது. ஆயினும் தன்னார்வலராக வருகிற இளைஞர்களில் பெரும்பாலோர் கேமராவைத்தான் கேட்டு வருகிறார்கள். மிக்சர் பக்கம் எவரும் தாமாக வருவதில்லை.

பல சபைகள் செய்யும் தவறு, அரங்கத்தின் ஒலிபெருக்கிக்குப் போகும் அதே கலவையை நேரலைக்கும் அனுப்புவது. அரங்கத்தில் டிரம்ஸ் தானாகவே உரக்கக் கேட்கும் என்பதால் ஒலிபெருக்கிக்கு அதைக் குறைவாகத்தான் கொடுப்பார்கள். அதே கலவை நேரலைக்குப் போனால் வீட்டில் இருப்பவருக்கு டிரம்ஸ் ஏறத்தாழ இல்லாமல் போய், பாடகரின் குரல் மட்டும் வெறுமையாய்த் தொங்கும். ஆகவே மிக்சரில் தனியாக ஓர் ஆக்ஸ் வழியை, அதாவது வேறொரு கலவையை வெளியே அனுப்பும் பாதையை எடுத்து, ஹெட்போன் அணிந்த ஒருவரை அதற்கென்றே நியமிக்க வேண்டும். சபையார் பாடுவது கேட்க வேண்டும் என்றால் மக்களை நோக்கி ஒன்றிரண்டு மைக்குகளையும் வைக்க வேண்டும். அவை இல்லாவிட்டால் இருநூறு பேர் சேர்ந்து பாடினாலும் நேரலையில் மேடையில் நிற்கும் நான்கு பேர் மட்டுமே பாடுவதுபோல் இருக்கும்.

அடுத்தது உதட்டசைவும் ஒலியும் பொருந்துவது. கேமராவின் படம் ஸ்விட்சரையும் கணினியையும் கடந்து வரும்போது சில ஃபிரேம்கள் தாமதமாகிறது, மிக்சரிலிருந்து வரும் ஒலி அவ்வளவு தாமதமாவதில்லை. நொடிக்கு 25 ஃபிரேமில் மூன்று ஃபிரேம் தாமதம் என்றால் 120 மில்லிநொடி. பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் ஏதோ உறுத்தும். ஆராதனைக்கு முன் ஒருவரை மேடையில் நிறுத்திக் கைதட்டச் சொல்லி, அதைப் பதிவு செய்து, கைகள் சேரும் ஃபிரேமும் ஓசை எழும் இடமும் ஒன்றாகும் வரை ஒலியைத் தாமதப்படுத்திக்கொள்ளுங்கள். பேச்சின் உச்சம் கழித்தல் 12 டெசிபெல் அருகே நிற்கும்படி வைத்தால், பிரசங்கியார் திடீரென்று குரலை உயர்த்தும்போதும் ஒலி உடையாது.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஹெட்போன் அணிந்து ஒலிக்குப் பொறுப்பாயிருப்பவர் பிரசங்கத்தை ஒரு சொல் விடாமல் கேட்டே ஆக வேண்டும். அப்படிக் கேட்கப் பழகியவர் கேமராவுக்கு மாறும்போது, என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று அறிந்தே படம் எடுக்கிறார். உங்கள் இரண்டாம் கேமராவில் இருந்தவர் அன்று ஜெபத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாரா, திரையில் தெரிந்த முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாரா என்று யோசித்துப் பாருங்கள்.

சபை மூப்பர்

தம்பி, பயிற்சியைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். அந்தச் சகோதரியைப் போய்ப் பாருங்கள், வகுப்பைத் தொடங்குவதற்கு முன்பே பாருங்கள். தனியாகப் போகாமல், அவர் நம்புகிற ஒரு பெண்மணியை அழைத்துக்கொண்டு போங்கள். எதற்காக வருகிறீர்கள் என்று முன்பே சொல்லி அனுப்புங்கள், அவருக்கு விருப்பமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். விளக்கம் சொல்லப் போகாதீர்கள், அவர் சொல்வதைக் கேட்கப் போங்கள்.

உங்கள் கேள்விக்கு ஒரே ஒரு வார்த்தை. ஜெபத்துக்காக முன்னே வருகிற நேரம் வீட்டில் அறைக்கதவைச் சாத்திக்கொள்வதற்கு ஒப்பானது. கதவைச் சாத்தச் சொன்னவர் நம் ஆண்டவர், அதைத் திறந்து காட்டும் உரிமையைக் கேமராவுக்கு யார் கொடுத்தது என்று கேட்டுப் பாருங்கள்.

பின்வரிசை

மூப்பர் ஐயா சொல்வதை இன்னும் ஒரு படி கொண்டுபோகிறேன். ஆராதனை முழுவதையுமே ஏன் நேரலையில் கொடுக்க வேண்டும்? பிரசங்கத்தை மட்டும் பதிவு செய்து பிறகு வெளியிட்டால் இந்தச் சிக்கல் எழாது அல்லவா? கேமராக்கள் வந்தபின் எங்கள் சபையில் பாடலை நடத்துகிறவர்கள் சபையாரைப் பார்ப்பதைக் குறைத்து, நேரலையில் இருப்பதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரியும் கேமராவைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். ஆராதனையின் வேகமே மாறிவிட்டது. இதை மனவருத்தத்தோடு சொல்கிறேன்.

வீட்டிலிருந்து பார்க்கிறவர்

பின்வரிசை சகோதரருக்குப் பதிலாக இதை எழுதுகிறேன். முதுகுத்தண்டு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நான்கு ஆண்டுகளாக என்னால் நீண்ட நேரம் உட்கார முடிவதில்லை. என் சபையின் ஆராதனையில் படுத்தபடியேதான் பங்குகொள்கிறேன். பிரசங்கத்தை மட்டும் வெட்டிக் கொடுத்தால் அது எனக்கு ஒரு சொற்பொழிவு. அறிவிப்புகளும், பிள்ளைகள் ஓடும் சத்தமும், பாட்டுப் புத்தகம் புரளும் ஒலியும் சேர்ந்து வரும்போதுதான் நான் அங்கே இருக்கிறேன்.

அசிசியின் புனித கிளாராவைத் தொலைக்காட்சியின் பாதுகாவலராகத் திருத்தந்தை 12ஆம் பயஸ் 1958இல் அறிவித்தது பலருக்குத் தெரிந்திருக்கும். நோயுற்றுக் கிடந்த கிளாரா, கிறிஸ்து பிறப்பு இரவின் திருப்பலிக்குப் போக முடியாத நிலையில், தம் அறையிலிருந்தே அதைக் கண்டார், கேட்டார் என்ற மரபுச் செய்திதான் அதற்குக் காரணம். நான் கத்தோலிக்கர் அல்லர். ஆனாலும் படுக்கையில் இருக்கிற ஒரு பெண்ணை அந்தப் பொறுப்புக்குத் தெரிந்தெடுத்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். அழுகிறவரின் முகத்தைப் பார்க்க நான் ஒருநாளும் விரும்பியதில்லை. ஜெப நேரத்தில் முழு அரங்கத்தையும் தொலைவிலிருந்து காட்டும் ஒரே காட்சி போதும், நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் இருப்பேன். வேறொரு வேண்டுகோளும் உண்டு. சைகை மொழியில் மொழிபெயர்க்கிறவரைத் திரையின் மூலையில் தபால்தலை அளவில் காட்டாதீர்கள். என்னைப் போல் வீட்டில் இருக்கும் காது கேளாத நண்பர் ஒருவர், விரல்களும் முகபாவமும் தெரியாமல் தமக்குப் பாதிச் செய்தி கிடைப்பதே இல்லை என்கிறார்.

பழைய சுருள்

இந்த விவாதம் இன்றைக்கு முளைத்தது அல்ல என்பதால் ஒரு பழைய செய்தியைச் சேர்க்கிறேன். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் இரட்சணிய சேனை 1890களிலேயே ‘லைம்லைட்’ என்ற பெயரில் ஒரு படப்பிரிவை நடத்தியது. ஜோசப் பெர்ரி என்ற அதிகாரி ஸ்லைடு விளக்கோடு தொடங்கினார், விரைவில் திரைப்படக் கேமராவும் வந்து சேர்ந்தது. 1900 செப்டம்பரில் சேனையின் ஆஸ்திரேலியத் தலைவர் ஹெர்பர்ட் பூத் ஆதித் திருச்சபையின் இரத்தசாட்சிகளைப் பற்றி மெல்போர்ன் நகர மண்டபத்தில் வழங்கிய நிகழ்ச்சியில் ஸ்லைடுகளும் குறும்படச் சுருள்களும் இசையும் உரையும் ஒன்றாகப் பின்னப்பட்டிருந்தன. அதன் நோக்கம் ஊழியத்துக்கு ஆள் சேர்ப்பது. 1901இல் ஆஸ்திரேலியக் கூட்டமைப்பின் தொடக்க விழாவையும் இந்தப் பிரிவே படமெடுத்தது. 1910இல் சேனையின் தலைமை அதை மூடிவிட்டது.

ஒரு சபைக் குழு படமெடுப்பதில் தன் காலத்தின் முன்வரிசையில் நின்றபோதும், இதனால் ஊழியத்துக்கு ஆவது என்ன என்ற கேள்வி அதைத் தொடர்ந்துகொண்டே இருந்தது. பின்வரிசை சகோதரர் அதே கேள்வியைத்தான் கேட்கிறார். அதைக் குழுவுக்கு எதிரான பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

வெட்டுமேசை

எடிட்டிங் பொறுப்பில் இருப்பவளாக எழுதுகிறேன். நேரலையைவிட அதிகக் கவனம் தேவைப்படும் இடம் சாட்சிக் காணொளிகள் என்பது என் எண்ணம். நேரலையில் ஒரு தவறு கணநேரத்தில் நடந்துவிடுகிறது. சாட்சியிலோ நாம் மேசையில் அமர்ந்து, நிதானமாக, ஒருவருடைய வாழ்க்கையை மூன்று நிமிடமாகக் குறுக்குகிறோம். எதை விடுகிறோம் என்பதை அவர் அறியமாட்டார்.

நான் கடைப்பிடிக்கும் சில வழக்கங்களைச் சொல்கிறேன். சாட்சி சொல்பவரைக் கேமராவைப் பார்க்கச் சொல்வதில்லை. லென்ஸுக்குப் பக்கத்தில், அவருடைய கண்மட்டத்தில் நான் அமர்ந்து கேட்கிறேன், அவர் ஒரு மனிதரிடம் பேசுகிறார். என் கேள்வியை வெட்டியெடுத்தாலும் பதில் தனித்து நிற்க வேண்டும் என்பதால், கேள்வியையும் சேர்த்துப் பதில் சொல்லும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன். காலர் மைக்கை அவரே தம் உடையில் பொருத்திக்கொள்ளும்படி கொடுத்துவிடுகிறேன். பேசி முடித்தபின் அனைவரும் அசையாமல் இருக்க, அறையின் வெறும் ஒலியை முப்பது நொடி பதிவு செய்கிறேன், வெட்டிய இடங்களை ஒட்டும்போது அது இல்லாமல் முடியாது. அழுதுவிட்டால் கேமராவை நிறுத்தலாமா என்று கேட்கிறேன். அந்தக் கண்ணீரை இன்னொரு முறை வரவழைக்கும் நோக்கத்தோடு எவரையும் மறுபடி பேசச் சொல்லக் கூடாது. இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

வெட்டி முடித்த காணொளியை அவரைத் தனியாக அமர்த்திக் காட்டிய பிறகே வெளியிடுகிறோம். ஒருமுறை ஒருவர் முழுவதையும் பார்த்துவிட்டு, நான் சொன்னதெல்லாம் உண்மைதான், ஆனால் என் மகன் வளர்ந்து இதைப் பார்ப்பான் என்றார். இரண்டு வார உழைப்பு அது. அன்றே எடுத்து வைத்துவிட்டோம். வேறு பின்னணியிலிருந்து விசுவாசத்துக்கு வந்தவர்களின் முகமும் குரலும் வெளியே போனால் குடும்பத்திலும் ஊரிலும் அவர்களுக்கு உண்மையான ஆபத்து நேரக்கூடும். அவர்கள் சம்மதித்தாலும், விளைவை அறிந்துதான் சம்மதிக்கிறார்களா என்று இரண்டாம் முறை கேட்க வேண்டியது நம் பொறுப்பு.

புதியவர்கள் கோப்புகளைக் காப்பதையும் கற்க வேண்டும். நொடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் ஒரு கேமரா மணிக்கு 22.5 கிகாபைட் நிரப்புகிறது. மூன்று கேமரா, இரண்டு மணி நேரம் என்றால் ஓர் ஆராதனைக்கு 135 கிகாபைட், 52 வாரங்களுக்கு 7 டெராபைட்டுக்குச் சற்றே மேல். எல்லாவற்றையும் வைத்திருக்க முடியாது. வைத்திருக்க வேண்டியவற்றை மூன்று பிரதிகளாக, இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறொரு கட்டடத்தில் இருக்கும்படி வைக்கிறோம். இரண்டாம் பிரதி சரியாகத் திறக்கிறது என்று பார்க்கும் வரை மெமரி கார்டை எவரும் அழிக்கக் கூடாது.

உரிமையும் ஒப்புதலும்

மேலே சம்மதத்தைப் பற்றிப் பேசியிருப்பதால் சட்டத்தின் பக்கத்தையும் சுருக்கமாகச் சொல்கிறேன். இது நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் நாட்டின் விதிகளை உள்ளூரில் அறிந்தவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் 9ஆம் பிரிவு, ஒருவரின் மத நம்பிக்கையை வெளிப்படுத்தும் தகவலைச் சிறப்புப் பாதுகாப்புக்குரிய வகையாகக் கருதுகிறது. ஆராதனையில் ஒருவரை அடையாளம் தெரியும்படி காட்டுவது அவருடைய விசுவாசத்தையும் வெளியே சொல்வதாகிவிடும். இதைச் சட்டம் இல்லாத இடத்திலும் நாம் மனத்தில் வைக்கலாம்.

பாடல்களில் பலர் தடுமாறுகிறார்கள். அமெரிக்கச் சட்டத்தில் வழிபாட்டு இடத்தில் ஆராதனையின்போது பாடுவதற்கு விலக்கு உண்டு, அந்த விலக்கு ஒளிபரப்புக்கும் நேரலைக்கும் நீளாது. நேரலைக்குத் தனி உரிமம் வேண்டும். பதிவு செய்யப்பட்ட இசையைப் பின்னணியில் ஓடவிட்டால் அந்தப் பதிவின் உரிமையும் தனியாக நிற்கிறது. யூடியூப் 2007 முதல் பயன்படுத்தும் கன்டென்ட் ஐடி என்ற தானியங்கி உரிமைச் சோதனை, ஆராதனைக்கு முன் அரங்கத்தில் ஓடிய இசையையும் கண்டுபிடித்துவிடும். நூற்றாண்டுக்கு முந்தைய கீர்த்தனை என்றாலும், நீங்கள் பாடும் இசையமைப்போ மொழிபெயர்ப்போ புதியதாக இருந்தால் அதற்கும் உரிமையாளர் இருப்பார்.

பிள்ளைகள் தோன்றும் எந்தக் காட்சிக்கும் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். முகமும் பெயரும் ஒரே காட்சியில் வரக் கூடாது.

மூன்று மாதம்

நான் இந்த ஊழியத்தில் மூன்று மாதம் இருந்து விலகியவள். விலகியவர்கள் இங்கே எழுதுவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

தடைகளைச் சொன்னால் புதியவர்கள் போய்விடுவார்கள் என்று உங்கள் குழுவினர் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. எனக்கு எவரும் எந்தத் தடையும் சொல்லவில்லை. முதல் வாரமே கேமராவைக் கொடுத்தார்கள், பன்னிரண்டு வாரமும் இடைவிடாமல் நின்றேன். இரண்டு ஆராதனைக்கும் முன்பாகவே வந்து, கடைசி கேபிளைச் சுருட்டிவிட்டுப் போனேன். அந்த மூன்று மாதத்தில் நான் ஒருமுறைகூட முழுதாக ஜெபிக்கவில்லை. காதில் இன்டர்காமில் குழுவினரின் குரல் பேசிக்கொண்டே இருந்தது. திருவிருந்து பரிமாறப்பட்டபோது எங்கள் மேசைக்கு எவரும் கொண்டுவரவில்லை. நாங்கள் ஆறு பேர் சபையின் அங்கத்தினர்கள் என்பதே அந்த நேரத்தில் எவர் நினைவிலும் இல்லை. ஒருநாள் என் கண்முன் நடந்த ஞானஸ்நானத்தைப் பற்றி அம்மா கேட்டார்கள். ஃபோகஸ் சரியாக இருந்தது என்பது மட்டுமே என் நினைவில் இருந்தது. அதற்கடுத்த வாரம் நான் போகவில்லை.

தாவீதோடு போன அறுநூறு பேரில் இருநூறு பேர் களைத்துப்போய் பேசோர் ஆற்றண்டையில் தங்கிவிட்டார்கள். திரும்பி வந்தபோது, யுத்தத்துக்குப் போனவனுக்கும் மூட்டைகளண்டையில் இருந்தவனுக்கும் சம பங்கு என்று தாவீது கட்டளையிட்டான். இதை நான் பிரசங்கத்தில் பல முறை கேட்டிருக்கிறேன். கேபிள்களண்டையில் இருக்கிறவர்களுக்கும் அந்தப் பங்கு உண்டு என்று ஒருவர் சொல்லியிருந்தால் நான் இன்றும் அங்கேதான் இருப்பேன்.

ஒலிமேசை

சகோதரி, நீங்கள் எழுதியதை எங்கள் குழுவில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். எங்கள் சபையில் ஒருவர் இரண்டு வாரம் பணி செய்தால் அடுத்த இரண்டு வாரம் குடும்பத்தோடு ஆராதனையில் அமர வேண்டும் என்பது விதி. அதற்கு ஆள் போதாதபோது மூன்று கேமராவை ஒன்றாகக் குறைத்துவிடுகிறோம், ஆளின் ஓய்வைக் குறைப்பதில்லை. ஒரே கேமராவில் ஓடிய ஆராதனையைப் பற்றி இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை. ஆனால் திருவிருந்தைப் பற்றி நாங்களும் யோசித்திருக்கவில்லை. இனி அந்த நேரத்தில் ஒரு கேமராவை நிலையாக நிறுத்தி, அதன் அகலக் காட்சியை மட்டும் ஓடவிட்டு, எல்லாரும் மேசையை விட்டு எழுந்து போவது என்று முடிவு செய்திருக்கிறோம்.

பின்வரிசை

வீட்டிலிருந்து பார்க்கிற சகோதரருக்கு: என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். ஆராதனை முழுவதும் உங்களுக்கு வர வேண்டும். பாடலை நடத்துகிறவர்கள் கண் வைக்கும் இடத்தைப் பற்றிய என் வருத்தம் அப்படியே இருக்கிறது, அதை எங்கள் போதகரிடம் பேசுவேன். கேமராவில் சிவப்பு விளக்கை அணைத்துவைக்கும் வசதி இருப்பதாக ஒருவர் சொன்னார். அதுவே போதுமானதாக இருக்கலாம்.

தொடக்கப் பதிவை எழுதியவர்: தூணோரக் கேமரா

எழுதிய அனைவருக்கும் நன்றி. மூப்பர் ஐயா சொன்னபடி, எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்தை நடத்தும் அம்மாவை அழைத்துக்கொண்டு அந்தச் சகோதரியைப் பார்த்துவிட்டு வந்தேன்.

அவர் கோபப்படவில்லை. நான் வருத்தம் தெரிவித்ததையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “முழுவதையும் அழித்துவிட்டீர்களா?” ஆம் என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் வெட்டுமேசை சகோதரி எழுதிய மூன்று பிரதிகள் நினைவுக்கு வந்தன. யூடியூபிலிருந்து நீக்கியதை மட்டுமே நாங்கள் அழித்தது என்று சொல்லிக்கொண்டிருந்தோம். தெரியவில்லை, தேடிப் பார்த்துவிட்டு உண்மையைச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்று மாலைகள் தேடினோம். ஸ்விட்சரில் பதிவான முழு ஆராதனைக் கோப்பில் அந்த நாற்பது நொடியும் இருந்தது. இரண்டாம் கேமராவின் சொந்தப் பதிவில் நான்கு நிமிடத்துக்கு மேல் இருந்தது, நேரலைக்கு வராத மிக நெருக்கமான காட்சிகளும் அதில் இருந்தன. இரண்டுமே இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளிலும், வேறு கட்டடத்தில் உள்ள மூன்றாவதிலும் இருந்தன. ஆண்டு இறுதியில் வெளியிட்ட நன்றிக் காணொளியில் அவருடைய கூப்பிய கைகளும் பாதி முகமும் ஐந்து நொடி வந்திருந்தன. அதை வெட்டியவருக்கு முன்கதை எதுவும் தெரியாது. ஒரு தன்னார்வலரின் கைப்பேசியில் குறுங்காணொளிக்காகச் சேமித்த துண்டு ஒன்றும் இருந்தது. எல்லாவற்றையும் அழித்தோம், நன்றிக் காணொளியை நீக்கிவிட்டு அந்த ஐந்து நொடி இல்லாமல் மறுபடி ரெண்டர் செய்து ஏற்றினோம். எங்கெங்கே இருந்தது, எந்த நாளில் யார் அழித்தார் என்று ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுத்தேன். நேரலையைப் பார்த்த எவரேனும் தம் கைப்பேசியில் பதிவு செய்து வைத்திருந்தால் அது எங்கள் கைக்கு எட்டாது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் தாளை இரண்டு முறை வாசித்தார், மடித்துத் தம் வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டார்.

பயிற்சியை இப்படி மாற்றியிருக்கிறேன். முதல் இரண்டு வாரம் புதியவர்கள் எந்தக் கருவியையும் தொடாமல், ஹெட்போன் அணிந்து ஒலிமேசைக்குப் பக்கத்தில் அமர்ந்து ஆராதனையைக் கேட்பார்கள். மூன்றாம் வாரம், அந்தத் தாளின் பெயர் நீக்கிய ஒரு பிரதியை வைத்து, ஒரு காட்சி எத்தனை இடங்களுக்குப் போய்ச் சேருகிறது என்பதைக் காட்டுவேன். அதற்கு அந்தச் சகோதரியின் அனுமதியைக் கேட்டுப் பெற்றிருக்கிறேன். நான்காம் வாரம்தான் ட்ரைபாட். ஜெப நேரத்தில் மூன்றாம் கேமராவின் அகலக் காட்சி மட்டுமே நேரலைக்குப் போகும், மற்ற இரண்டு கேமராக்களும் பதிவையும் நிறுத்திவிட்டுக் கீழ்நோக்கித் திருப்பப்படும். அந்த நிமிடங்களில் கேமராவில் நிற்பவர்கள் கண்களை மூடலாம், முன்னே போகவும் செய்யலாம்.

பணிப்பட்டியலை இரண்டு வாரப் பணி, இரண்டு வார ஓய்வு என்று எழுதிப் பார்த்தேன். ஆறு பேர் சேர்ந்தாலும் எங்களிடம் மூன்று கேமராவுக்கு ஆள் போதாது. ஆகவே அடுத்த மாதத்திலிருந்து இரண்டே கேமராதான். தூணருகே நின்ற என் கேமராவைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டோம்.

மூன்று மாதம்

உங்கள் சபை என் வீட்டிலிருந்து எவ்வளவு தொலைவு என்று தெரியவில்லை. முதல் இரண்டு வாரம் ஹெட்போனோடு அமர்ந்து கேட்க வெளியாரையும் சேர்த்துக்கொள்வீர்களா?

தூணோரக் கேமரா

வாருங்கள், சகோதரி. இன்னொரு ஹெட்போன் இருக்கிறது.